வழி எது? தொலைவு எவ்வளவு?

புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே ஆலங்குடிக்குச் செல்லும் சாலையில், ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் திருவரங்குளம் இருக்கிறது. அரங்குளநாதரும் பெரியநாயகியும் கோயில் கொண்டுள்ள பழம்பதி அது. அவ்வூருக்கு முதன்முறையாகப் போகும் வெளியூர்க்காரருக்குக் குழப்பம் ஊர்ப் பெயரிலேயே தொடங்கிவிடும். திருவரங்கம், திருவரங்குளம்: காதில் அரைகுறையாக விழுந்தால் இரண்டும் ஒன்றுதான். ஒன்று காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள வைணவத் தலம். மற்றது வானம் பார்த்த பூமியில் குளத்தை நம்பி எழுந்த சிவத் தலம். போதாக்குறைக்கு, புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது முதல், 1974 ஜனவரி 14-ஆம் நாள் தனி மாவட்டமாகும் வரை, இவ்விரண்டு ஊர்களும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலேயே இருந்தன! புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் சதுர தாண்டவம் ஆடும் நடராசர் செப்புத் திருமேனியைப் பார்ப்பவர்கள், அது கிடைத்த ஊர் திருவரங்குளம் என்று படித்துவிட்டுத் திருவரங்கத்தை நினைத்துக் கொள்வதும் உண்டு.

ஒருவழியாகச் சரியான பேருந்தில் ஏறி, சரியான ஊரில் இறங்கிவிட்டீர்கள் என்று வைத்துக் கொள்வோம். இனிமேல் யாரையாவது கேட்க வேண்டியதுதான். மர நிழலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் ஓர் இடத்துக்கு வழி கேளுங்கள். “இப்படியே வடக்கே போங்க தம்பி, கொளத்துக்கரை வந்ததும் மேற்கே திரும்புங்க, கூப்பிடு தூரந்தான்” என்பது போன்ற விடை கிடைக்கும். நகரத்தில் வளர்ந்தவர் இதைக் கேட்டதும் விழிப்பார். அவருக்கு வேண்டியது இடக்கைப் பக்கமா, வலக்கைப் பக்கமா என்பது. பெரியவரோ திசை சொல்கிறார். எந்தப் பக்கம் வடக்கு என்பது ஒருவருக்குத் தெரியாமல் இருக்கும் என்ற எண்ணமே அவருக்கு வராது.

இந்த வேறுபாடு விளையாட்டானதல்ல. மனித மூளை இடத்தை எப்படிக் கணக்கில் வைத்துக் கொள்கிறது என்பதைப் பற்றியது. எரிக் பெடர்சன் என்ற மொழியியல் அறிஞர் 1990-களில் தமிழ்நாட்டில் இதை ஆராய்ந்தார். சோதனை எளியது. ஒரு மேசைமேல் சில பொம்மைகளை வரிசையாக வைத்துக் காட்டுவார்கள். பார்த்தவர் அப்படியே முழுதும் திரும்பி, முதுகுக்குப் பின்னால் இருந்த இன்னொரு மேசையில் அதே வரிசையை அமைக்க வேண்டும். முதல் மேசையில் இடப்புறம் நோக்கி நின்ற பொம்மையை இங்கும் இடப்புறம் நோக்கி வைப்பவர், தம் உடலை அளவுகோலாகக் கொண்டவர். வடக்கு நோக்கி நின்றதை வடக்கு நோக்கியே வைப்பவர், நிலத்தை அளவுகோலாகக் கொண்டவர். ஒரே தமிழைப் பேசுகிறவர்களுள் நகரத்தார் பெரும்பாலும் முதல் வகையிலும், கிராமத்தார் பெரும்பாலும் இரண்டாம் வகையிலும் அமைந்தனர். பேச்சுப் பழக்கம் நினைவின் பழக்கமாகவும் ஆகியிருந்தது. உங்கள் வீட்டிலேயே, மூன்று தீப்பெட்டிகளைக் கொண்டு பாட்டியாரிடமும் தம்பியிடமும் இதைச் செய்து பார்க்கலாம்.

நம் திசைப் பெயர்களே நிலத்திலிருந்து பிறந்தவை. மேற்கு என்பது மேல் என்பதிலிருந்தும், கிழக்கு என்பது கீழ் என்பதிலிருந்தும் வந்தவை. மேற்கே மலை உயர்ந்தும் கிழக்கே கடல் தாழ்ந்தும் இருக்கும் நாட்டில் இப்பெயர்கள் பொருத்தமே. தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்தாலே பெரும்பாலும் கிழக்கு தெரிந்துவிடும். வெயிலைப் பார்த்தும் திசை அறியலாம். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. ‘நண்பகலில் நிழல் வடக்கே விழும்’ என்று மேல்நாட்டு நூல்களைப் பின்பற்றி எழுதிய புத்தகங்களில் படித்திருப்பீர்கள். திருவரங்குளம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய பத்தேகால் பாகையில் உள்ளது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் கதிரவன் அங்கே நேர் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆகஸ்டு கடைசி வாரத்தில்தான் திரும்பி வரும். இடைப்பட்ட நான்கு மாதங்களும் நண்பகல் நிழல் விழுவது தெற்கே! கோடை விடுமுறையில் புத்தகத்தை நம்பி நடப்பவர் நேர் எதிர்த்திசையில் போய்ச் சேருவார். துருவ மீனும் இப்பகுதியில் அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில்தான் நிற்கும். பனந்தோப்பு ஒன்று குறுக்கே இருந்தால் அதையும் மறைத்துவிடும்.

திசை தெரிந்தவர் வழி தவறாதபடி ஓர் ஊரையே கட்டமைக்க முடியுமா? திருவரங்குளத்திலிருந்து கால் மணி நேரத்தில் இதற்கு விடை காணலாம். 1812-ஆம் ஆண்டளவில் புதுக்கோட்டை நகரம் தீக்கிரையாயிற்று. அப்போது ஆட்சியிலிருந்த விசய ரகுநாதராயத் தொண்டைமான், தஞ்சாவூர் ரெசிடெண்டாக இருந்த மேஜர் பிளாக்பர்னின் யோசனைப்படி, பழைய சந்துகளைக் களைந்து நேரான அகன்ற வீதிகளாக நகரை மீண்டும் எழுப்பினார். நடுவே அரண்மனை, அதைச் சுற்றி இராச வீதிகள், அவற்றுக்கு வெளியே கீழ இரண்டாம் வீதி, வடக்கு மூன்றாம் வீதி, மேல நான்காம் வீதி என்ற முறையில் பெயர்கள். தெருவின் பெயர் இரண்டே செய்திகளைத் தருகிறது: எந்தத் திசை, நடுவிலிருந்து எத்தனையாவது. வீதியின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், அந்நகருக்கு வந்தேயிராத ஒருவர்கூட அது எங்கே இருக்கும் என்று தாளில் புள்ளி வைத்துவிடலாம். தலைவர்களின் பெயரைத் தெருக்களுக்குச் சூட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வழி கேட்டு அலைபவனுக்கு அந்தப் பெயர்கள் ஓர் அடிகூட உதவுவதில்லை.

நகரத்தில் இது முடியும். திறந்த வெளியில்?

கொடும்பையில் பிரிந்த மூன்று வழிகள்

இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கு எல்லைப் பக்கம், திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலைக்குத் தெற்கே கொடும்பாளூர் உள்ளது. பத்தாம் நூற்றாண்டில் இருக்குவேளிர் எழுப்பிய மூவர் கோயிலால் இன்று அறியப்படும் ஊர். மூன்றில் இரண்டே எஞ்சி நிற்கின்றன. சிலப்பதிகாரத்தில் இவ்வூர் கொடும்பை என்ற பெயரில் வருகிறது; அதுவும் கோயிலுக்காக அன்று, வழிக்காக.

காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். உறையூரை விட்டுத் தெற்கே நடக்கும் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் வழியில் குடமலை மாங்காட்டைச் சேர்ந்த மறையவர் ஒருவரைக் காண்கின்றனர். திருவரங்கத்தையும் வேங்கடத்தையும் காணப் புறப்பட்டவர் அவர். கோவலன் அவரிடம் மதுரைக்கு நல்ல வழி எது என்று கேட்கிறான். மென்மையான பெண்ணை அழைத்துக் கொண்டு இந்தக் கடுங்கோடையிலா புறப்பட்டீர்கள் என்று இரங்கிவிட்டு, அவர் வழி சொல்லத் தொடங்குகிறார்.

அந்த விடையை இலக்கிய நயத்துக்காகப் பலர் படித்திருக்கிறார்கள். நீங்கள் ஒருமுறை, மதுரைப் பகுதியின் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக் கொண்டு படித்துப் பாருங்கள். கொடும்பைப் பெருங்குளத்தின் கரையில் பாதை சிவபெருமானின் சூலத்தைப் போல மூன்றாகப் பிரியும் என்கிறார் மறையவர். அடையாளம் குளக்கரை. சமவெளியில் தொலைவிலிருந்தே தெரிவது ஏரி, குளங்களின் மேடான கரைதான். இந்தச் சீமையில் இத்தனை ஊர்ப் பெயர்கள் குளம் என்றும் ஏந்தல் என்றும் கண்மாய் என்றும் முடிவதற்குப் பாசனம் மட்டுமல்லாமல் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

வலப்பக்க வழியில் போனால் முதலில் வறண்ட காட்டு மரங்கள், பிறகு எயினர் குடியிருப்பு, பிறகு வரகுக் கொல்லை, பிறகு வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும். அவற்றுக்குப் பின் சிறுமலை தோன்றும். அம்மலையை வலப்பக்கமாக விட்டு நடந்தால் மதுரை. இடப்பக்க வழியில் வயல்களும் சோலைகளும் இடையிடையே காடும் கடந்து திருமால்குன்றம், அதாவது இன்றைய அழகர்மலை. நடுவழி இவை இரண்டுக்கும் இடையே நேராகப் போவது.

வரைபடம் என்ன சொல்கிறது? கொடும்பாளூரிலிருந்து பார்த்தால் சிறுமலை தென்மேற்கில் உள்ளது. அழகர்மலை அதற்குக் கிழக்கே நிற்கிறது. மதுரை இரண்டுக்கும் தெற்கே இருக்கிறது. மதுரையை நோக்கி நடப்பவருக்குச் சிறுமலை வலக்கைப் பக்கமே வரும். காப்பியம் பாடியவர் கற்பனையில் வழி வகுக்கவில்லை. நடந்தவர்கள் சொல்லக் கேட்டோ தாமே நடந்தோ தெரிந்து கொண்ட வழியைத்தான் மறையவர் வாயில் வைத்திருக்கிறார்.

இன்னொன்றைக் கவனியுங்கள். மறையவர் வெறுமனே வலம், இடம் என்று சொல்லி நிறுத்தவில்லை. ஒவ்வொரு வழியிலும் என்னென்ன மரம், என்னென்ன பயிர், எந்த வரிசையில் வரும் என்று அடுக்குகிறார். இது அலங்காரம் அன்று, சரிபார்ப்பு. அரை நாள் நடந்தும் எயினர் குடியிருப்பைக் காணாதவன், தவறான கிளையில் வந்துவிட்டோம் என்று உணர்ந்து திரும்பலாம். நடுவழியைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே வழிப்போக்கரை மயக்கும் கானுறை தெய்வம் ஒன்று உண்டு என்று எச்சரிக்கவும் செய்கிறார். எளிய வழி எது என்பதோடு அதன் இடர் எது என்பதையும் சொல்வதுதான் நேர்மையான வழிகாட்டல். தண்ணீர் கிடைக்காத கோடைக் காட்டில் கிளைப்பாதை தவறினால் போவது நேரம் மட்டுமல்ல, உயிரும்தான்.

இவ்வளவையும் நினைவில் வைத்திருப்பது மூளையின் எந்தப் பகுதி? காதுக்கு உட்புறமாக, மூளையின் அடிப்பகுதியில் கடற்குதிரை வடிவில் வளைந்த ஓர் உறுப்பு இருக்கிறது, ஹிப்போகாம்பஸ் என்பர். எலி ஓர் அறையில் குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் உயிரணுக்கள் அதில் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971-இல் அறிவித்தார். பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் வேறு உயிரணுக்களை, அதை ஒட்டிய பகுதியில் மே-பிரிட் மோசர், எட்வர்டு மோசர் தம்பதியர் 2005-இல் கண்டறிந்தனர். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. இலண்டன் மாநகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் டாக்சி ஓட்டுநர்களுக்கு இவ்வுறுப்பின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதாக எலினார் மக்வைர் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு கூறியது.

சொல்ல ஆள் இல்லாதபோது

மறையவர் எதிரே வராமல் போயிருந்தால்? பாதை பிரியும் இடத்தில் ஆளே இல்லாவிட்டால்? பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. செங்கண்மா நாட்டு நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு அது, பாடியவர் பெருங்கௌசிகனார். பாதைகள் கூடும் இடத்தைத் துப்புரவு செய்து, போகும் வழியில் புல்லை முடிந்து வையுங்கள் என்று அவர் சொல்கிறார். யாருக்காக? பின்னால் வருபவருக்காக. முன்னால் போகிறவர் சரியான கிளையைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த அறிவை ஒரு புல்முடிச்சில் விட்டுச் செல்கிறார்.

புல் காய்ந்துவிடும், ஆடு மேய்ந்துவிடும். நிலைத்து நிற்பது கல். தருமபுரிப் பகுதியில் கிடைத்துள்ள, கி.பி. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு கற்களைப் பற்றி ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். அவை அதியமான் பெருவழி என்ற நெடுஞ்சாலையில் நின்றவை. நாவற்றாவளம் என்னும் இடத்துக்கு ஒரு கல்லிலிருந்து 29 காதம், மற்றதிலிருந்து 27 காதம் என்று தமிழ் எழுத்திலும் தமிழ் எண்ணிலும் பொறித்திருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. முதல் கல்லில் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. மற்றதில் இரண்டு பெரிய குழிகள், ஏழு சிறிய குழிகள்.

பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று! எழுத்தறியாத மாட்டு வண்டிக்காரரும், தமிழ் படிக்கத் தெரியாத வேற்று நாட்டு வணிகரும், ஏன், இருட்டில் வந்து கல்லைத் தடவிப் பார்ப்பவரும்கூடத் தொலைவை அறிந்து கொள்ளலாம். ஒரு கல்லில் ஒன்பது, அடுத்ததில் ஏழு என்றால், சரியான திசையில்தான் போகிறோம் என்பதும் தெரிந்துவிடும். இக்கல்லை வெட்டச் சொன்னவர் வழிப்போக்கரை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர்களுக்காக மட்டுமே பலகை எழுதும் நாம், இந்தக் குழிகளின் முன்னே சற்று நின்று யோசிக்கலாம். இத்தகைய கற்கள் சில வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் சாய்ந்து கிடந்த நிலையில்தான் மீட்கப்பட்டன. சாலையை அகலப்படுத்தும்போது மண்ணோடு மண்ணாகப் போனவை எத்தனையோ! திருவரங்குளத்துக்கு அருகே, பொற்பனைக்கோட்டையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் கிடைத்திருக்கிறது. அங்கே சங்ககாலக் கோட்டையை மாநிலத் தொல்லியல் துறை 2023 முதல் அகழ்ந்தது. அந்தச் சுற்று வட்டாரத்தில் எழுத்தோ குழியோ உள்ள கல் ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், துவைக்கும் கல்லாக்கிவிடாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

சரி, 29 காதம் என்றால் எத்தனை கிலோமீட்டர்? இங்கேதான் சிக்கல். பழைய வாய்பாடு ஒன்றின்படி 4 முழம் ஒரு கோல். 500 கோல் ஒரு கூப்பீடு. 4 கூப்பீடு ஒரு காதம். முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் காதம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், 29 காதம் சுமார் 106 கிலோமீட்டர். காதம் என்பது பத்து மைல் என்ற வழக்கும் உண்டு. அதன்படி அதே 29 காதம் 467 கிலோமீட்டர் ஆகிவிடும்! திருவரங்குளத்துப் பெரியவர் சொன்ன கூப்பிடு தூரமும் இந்த வாய்பாட்டில் வரும் கூப்பீடும் ஒன்றே. வாய்பாட்டுக் கணக்கில் அது 900 மீட்டருக்கு மேல். அவ்வளவு தொலைவு குரல் எட்ட வேண்டுமானால் காற்றும் ஒத்துழைக்க வேண்டும், கூப்பிடுபவரின் நெஞ்சும் ஒத்துழைக்க வேண்டும். ஒரே பெயரில் பல அளவுகள் இருக்கும்வரை, ஓர் ஊரின் கல் அடுத்த நாட்டாருக்கு முழுமையாகப் பயன்படாது.

கோபுரத்தில் ஏறிய கருவி

எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவால் இந்நாட்டை அளக்கும் வேலை சென்னையில் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் நூறடி நீள எஃகுச் சங்கிலியால் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் கோட்டை அளந்து முடிக்க மே 22 ஆயிற்று. வெயிலில் சங்கிலி நீளுமே. ஆகவே நிழற்கூடாரத்துக்குள் வைத்து, வெப்பமானி பார்த்து அளந்தார்கள். நாடு முழுவதையும் இப்படிச் சங்கிலி போட்டு அளந்தால் பல தலைமுறைகள் ஆகும். ஆனால் ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்கிலேயே பெறலாம் என்று நீங்கள் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். லாம்டன் செய்ததும் அதுவே. முதல் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தார். கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். அதன் மேல் இன்னொன்று.

குன்றுகள் உள்ளவரை தொல்லை இல்லை. காவிரிச் சமவெளிக்கு வந்ததும், எங்கே பார்த்தாலும் தட்டை நிலம், தென்னந்தோப்பு. தலைதூக்கி நின்றவை கோபுரங்களே. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டிக் கோபுரங்களின் மேல் ஏற்றினார்கள். அக்கருவிக்கு முன்பே ஒரு கதை இருந்தது: இங்கிலாந்திலிருந்து வரும்போது பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி மொரீசியசுக்குப் போய், அறிவியற் கருவி என்று அறிந்ததும் மரியாதையோடு அனுப்பி வைக்கப்பட்டது அது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டமே நெளிந்துவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்து கொண்டு, ஏறத்தாழ ஆறு வாரம் தம் கையாலேயே தட்டி நிமிர்த்திப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தார். இராசராசன் எழுப்பிய விமானம், அவன் காலத்துக்கு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், நிலப்படத்துக்கு முளைக்கோலாகப் பயன்பட்டது. குடிமக்களுக்கு வழி காட்டுவதற்காகவே அந்த அளவை நடந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். படையும் வரியும் அதன் பின்னே இருந்தன.

இன்று உங்கள் செல்பேசியும் தொலைவுகளைக் கொண்டே இடத்தைக் கணிக்கிறது. லாம்டனுக்குக் கோபுரம், செல்பேசிக்குச் செயற்கைக்கோள். ஒவ்வொரு கோளும் தன் கடிகார நேரத்தை வானொலி அலையில் அனுப்பிக் கொண்டே இருக்கும். அலை வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் கோளின் தொலைவு கிடைக்கும். நேரத்தில் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் இடம் 300 மீட்டர் பிழைக்கும். அதனால்தான் கோள்களில் அணுக் கடிகாரங்களை வைக்கிறார்கள். செல்பேசியில் உள்ள கடிகாரம் அவ்வளவு துல்லியமானதன்று. அதன் பிழையையும் சேர்த்துக் கணக்கிட, மூன்று கோள்கள் போதாமல் நான்காவது கோள் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். 1995-இல் முழுமையாகச் செயற்படத் தொடங்கியது. இந்தியா தன் சொந்த வழிகாட்டு அமைப்பின் முதல் கோளை 2013 ஜூலை 1-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. பின்னர் அவ்வமைப்புக்கு நாவிக் என்று பெயரிட்டது.

திருவரங்குளம் நிறுத்தத்தில் செல்பேசியை எடுத்துப் பார்த்தால் ஊர்ப் பெயர் குழப்பமெல்லாம் இல்லை. வடக்கே இத்தனை பாகை, கிழக்கே இத்தனை பாகை என்று எண் வந்துவிடும். அந்த எண் திருவரங்கத்துக்கு ஒருபோதும் பொருந்தாது. ஆனால் புறப்படும்போது அது சொல்வதோ ‘இடப்புறம் திரும்பவும், வலப்புறம் திரும்பவும்’ என்பதுதான். வழியில் என்ன பயிர் வரும், எந்தக் குளக்கரை வரும், தவறிவிட்டால் எதைப் பார்த்துத் தெரிந்து கொள்வது என்று அது சொல்வதில்லை. மின்கலம் தீர்ந்த பிறகு, மேற்கே சாயும் வெயிலைப் பார்த்துக் கொண்டு, மர நிழலில் இருக்கும் பெரியவரிடம்தான் போய் நிற்பீர்கள். “வம்பன் நால்ரோட்டுக்கா? கெழக்கே போற எந்த பஸ்ஸுலயும் ஏறுங்க தம்பி” என்பார் அவர்.